ஆக்சில் கவுண்டர்: வடசென்னை ரயில் தடத்தில் சிக்னல் மின்னணுவியல்

ஒரு தடப்பகுதிக்குள் நுழைந்த ரயில் அச்சுகளையும் வெளியேறிய அச்சுகளையும் எண்ணி, இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே ‘தடம் காலி’ என்று காட்டும் சிக்னல் கருவி ஆக்சில் கவுண்டர். மின் இரைச்சலுக்கு நடுவே பிழையில்லாமல் இயங்க வேண்டிய கருவி இது. இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதை ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி செல்லும் தடத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

இதற்கு மூத்தது டிராக் சர்க்யூட். 1872-இல் அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் உருவாக்கியது. இரு தண்டவாளங்களிலும் சிறு மின்னோட்டம் விட்டு மறுமுனையில் ஒரு ரிலேயை, அதாவது மின்காந்த ஸ்விட்சை, தூக்கி வைத்திருப்பார்கள்; ரயில் ஏறினால் சக்கரங்கள் மின்னோட்டத்தைக் குறுக்கே கடத்த, ரிலே விழும். கம்பி அறுந்தாலும் பேட்டரி செத்தாலும் அதேபோல் விழும், சிக்னல் சிவப்பாகும். பழுதானால் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்ற ரயில்வேக் கொள்கை இதைவிட எளிமையாக எங்கும் அமைந்ததில்லை. ஆனால் அதற்குத் தண்டவாளத்தின் அடியில் ஜல்லி உலர்ந்திருக்க வேண்டும். இந்தத் தடத்தைப் போலக் கடலோர உப்பும் கழிமுகச் சேறும் மழைத் தேக்கமும் உள்ள இடத்தில் மின்னோட்டம் ஜல்லி வழியே கசியும். ரயிலே இல்லாமல் ரிலே விழும். ஆபத்தில்லைதான், ஆனால் வண்டி நின்றுவிடும்.

அடுத்த தொல்லை இழுவை மின்சாரம். 1931-இல் சென்னை கடற்கரை–தாம்பரம் தடம் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. இழுவை மின்னோட்டம் திரும்பிச் செல்வதும் தண்டவாளம் வழியாகத்தான். சிக்னலுக்கும் நேர்மின்சாரமே என்றால், விழ வேண்டிய ரிலேயை அது பிடித்து வைத்துவிடக்கூடும். 1967-இல் அத்தடம் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. கும்மிடிப்பூண்டித் தடம் 1979-இல் அதே முறையில் மின்மயமானது. மாறுமின்சாரத்துக்கு அசையாத ரிலேக்கள் வந்ததால் நேர்மின் டிராக் சர்க்யூட் இழுவைக் கம்பியின் கீழும் பிழைத்தது. பதிலுக்கு, தடத்தை ஒட்டி ஓடும் சிக்னல் கேபிள்களில் தூண்டல் மின்னழுத்தம் ஏறியது. கவசமிட்ட கேபிள்கள் அதற்காகத்தான்.

ஆக்சில் கவுண்டர் ஜல்லியை நம்புவதில்லை. தண்டவாளத்தின் ஒரு பக்கம் காந்தப்புலத்தை அனுப்பும் சுருள், மறுபக்கம் அதை வாங்கும் சுருள். சக்கரம் குறுக்கிடும்போது சமிக்ஞை மாறும். அடுத்தடுத்து இரண்டு இணைகள் இருப்பதால் திசையும் தெரியும். இந்திய ரயில்வேயின் பழைய அனலாக் வகை 5 கிலோஹெர்ட்ஸில் இயங்கியது. அதன் பலவீனம், மெல்லிய சமிக்ஞையைக் கேபிளில் தொலைவிலுள்ள ரிலே அறைவரை கொண்டுபோய் அங்கே எண்ணியதுதான். வழியெல்லாம் இரைச்சல் ஏற இடமிருந்தது. மூன்று கட்ட மோட்டார் எஞ்சின்களின் கன்வெர்ட்டர்கள் வந்தபின் உயர் ஹார்மோனிக்குகளும் சேர்ந்துகொண்டன. இன்று ராயபுரம் எலக்ட்ரிக் லோகோ ஷெட்டில் நிற்கும் டபிள்யூஏபி-7 எஞ்சின்கள் இவ்வகைதான்.

டிஜிட்டல் வகையில் எண்ணும் இடமே மாறியது. மத்திய அரசின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் கருவி 21, 23 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறியது. தடத்தின் ஓரப் பெட்டியிலேயே எண்ணி, எண்ணிக்கையை மட்டும் பிழைகாண் குறியீட்டோடு அனுப்பியது. இரு மைக்ரோகன்ட்ரோலர்கள் தனித்தனியே கணக்கிட்டு, விடை ஒத்தால்தான் ‘காலி’. இரைச்சலை வடிகட்டுவதைவிட அது நுழையும் தொலைவையே குறைத்ததுதான் உண்மையான முன்னேற்றம் என்பேன். சிக்னல்களும் தடமாற்றிகளும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பூட்டும் கணினி வழி இன்டர்லாக்கிங்கும் இதே இரட்டைக் கணிப்பு வழியில்தான் வளர்ந்தது. நாட்டின் தொடக்க நிறுவல்களில் ஒன்று 1980-களில் ஸ்ரீரங்கத்தில் அமைந்தது.

வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குத்தான் இந்தக் காப்பு; மனிதத் தவறுக்கு அல்ல. 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோர் அருகே விபத்துக்குள்ளானதற்கு, சிக்னல் சுற்று மாற்றப் பணியில் நேர்ந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே விசாரணை கண்டது.

எண்ணிக்கை பிசகினால் தடம் ‘நிரம்பியது’ என்றே நிற்கும். நிலைய மேலாளர் விதிப்படி சரிபார்த்து ரீசெட் செய்தாலும் உடனே ‘காலி’ காட்டாது. முதல் ரயில் எச்சரிக்கையோடு கடந்து, உள்ளே போன அச்சுகளும் வெளியே வந்தவையும் ஒத்தபிறகே பச்சை விழும்.