காஞ்சிபுரம் பட்டு நெசவில் சிறுவர் பயிற்சி

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களோடு தறியில் இருந்தே தொழில் பழகி வந்த வழக்கம் இது. பிற்காலத்தில் இதுவே கூலி வேலையாகவும் கொத்தடிமை வேலையாகவும் திரிந்து, சட்டத் தடைக்கு உள்ளானது. செங்குந்தர், பத்மசாலியர், தேவாங்கர் முதலிய சமூகத்தார் நெய்யும் இவ்வூரில், பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். பிள்ளைகள் தொழில் பழகத் தனியிடமோ பாடத்திட்டமோ இருந்ததில்லை.

பிள்ளையை எடுத்த எடுப்பில் தறியில் உட்கார வைப்பதில்லை. முதல் வேலை தார் சுற்றுவது. அதாவது, ராட்டையைச் சுழற்றி, குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் ஏற்றுவது. எவ்வளவு இழுத்தால் பட்டிழை அறும் என்பதை விரல்கள் அங்கேதான் தெரிந்துகொள்ளும். அடுத்தது, நெடுக்கே ஓடும் பாவில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிபோடுவது. ஊடையைக் குறுக்கே செலுத்தும் நாடா கைக்கு வருவது அதற்கும் பிறகுதான்.

சிறுவர் கை இங்கே தேவைப்பட்டதற்குக் கோர்வை நெசவு ஒரு முக்கியக் காரணம். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். குழித்தறியில் காலால் மிதித்தபடி ஒருவரே மூன்றையும் ஓட்டுவது கடினம். ஒரு பக்கக் கரை நாடாவை வீச இன்னொருவர் வேண்டும். பிள்ளையை உட்கார வைத்தது அந்த இடத்தில்தான்.

இதைப் பயிற்சி என்பது பாதிதான் உண்மை. கரை போடும் பிள்ளைக்குக் கரை போடுவது மட்டுமே கைவரும். முந்தானைப் பாவை உடல் பாவோடு இணைக்கும் பிட்னி போன்ற நுட்பங்களைப் பெரியவர் சொல்லிக்கொடுத்தால் உண்டு. தகப்பன் சொல்லிக்கொடுப்பான். பிறர் தறியிலோ அதற்கு அவசரமே இல்லை. குறைந்த கூலிக்குக் கரை போட ஆள் கிடைத்தால் முதலாளிக்குப் போதும். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் வெளியிட்ட பட்டுத் தொழில் அறிக்கையில் பதிவு செய்தது.

இத்தனைக்கும் கொத்தடிமை முறை 1976-இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைகளுக்கு விலக்கு அளித்தது. வீடே பட்டறையாக இருக்கும் ஊரில் இது பெரிய ஓட்டை. 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றது. ஆனாலும் பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விட்டுவைத்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குப் பாடமும் உணவும் உதவித்தொகையும் தந்து வழக்கமான பள்ளிகளில் சேர்த்தன.

தறியை விட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போனது நல்லதே. ஆனால் தொழில் கற்பிக்கும் பொறுப்பு வீட்டிலிருந்து பள்ளிக்கு அதே அளவில் மாறிவிடவில்லை. கைத்தறித் தொழில்நுட்பப் பட்டயப் படிப்புக்குச் சேலத்தில் 1960-இல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் பயிற்சி தருகிறது. இரண்டும் சிறுவர்களுக்கானவை அல்ல. இன்று பல வீடுகளில் பிள்ளைக்குப் பதிலாகக் கரை நாடாவை வீசுவது நெசவாளரின் மனைவி. சேலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் ஒரே கூலிதான் இருவர் உழைப்புக்கும்.