கொரிந்து நகரின் இறைச்சிச் சிக்கல்: கிறித்தவ விடுதலையும் அன்பின் பொறுப்பும்

கிறித்தவ அறநெறியில் தனிமனித விடுதலைக்கும் பிறர்மீதான பொறுப்புக்கும் உள்ள உறவு, முதல் நூற்றாண்டில் எழுந்த ஓர் அன்றாடக் கேள்வியால் தெளிவு பெற்றது. பிற தெய்வங்களுக்குப் படைக்கப்பட்ட இறைச்சியைக் கிறித்தவர் உண்ணலாமா என்பதே அக்கேள்வி. அதற்குத் திருத்தூதர் பவுல் அளித்த விடை, கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களில் காணப்படுகிறது.

பின்னணி

கிரேக்க நாட்டுக் கொரிந்து கி.மு. 146இல் உரோமையரால் அழிக்கப்பட்டது. கி.மு. 44இல் உரோமைக் குடியேற்றமாக மீண்டும் நிறுவப்பட்டது. இரு துறைமுகங்களைக் கொண்ட இந்த வணிக நகரில் பல தெய்வங்களுக்குக் கோயில்கள் இருந்தன. பவுல் இங்கு 18 மாதங்கள் தங்கி, கூடாரம் செய்யும் தொழிலில் ஈடுபட்டவாறே திருச்சபையை உருவாக்கினார். பின்னர் கி.பி. 50களின் நடுப்பகுதியில் எபேசு நகரிலிருந்து இத்திருமுகத்தை எழுதினார்.

பலியிடப்பட்ட விலங்கின் இறைச்சி கோயில் விருந்துகளில் பரிமாறப்பட்டது. ஒரு பகுதி சந்தைக்கும் வந்தது. நண்பரும் உறவினரும் ஒன்றுகூடும் விருந்துகள் கோயில் வளாகங்களிலேயே நடப்பதுண்டு. அவற்றை மறுப்பது உறவுகளையும் தொழில் தொடர்புகளையும் இழக்கச் செய்யக்கூடும்.

இரு தரப்புகள்

கடவுள் ஒருவரே என்பதால் சிலைக்குப் படைத்த இறைச்சியும் வெறும் இறைச்சியே என்று ஒரு தரப்பினர் வாதிட்டனர். அண்மைக் காலம்வரை அதே தெய்வங்களை வழிபட்டு வந்த மறுதரப்பினருக்கு அவ்வுணவு வழிபாட்டின் பகுதியாகவே தோன்றியது. மற்றவரைப் பார்த்து அவர்களும் உண்டால், தங்கள் மனச்சான்றுக்கு எதிராகவே உண்பார்கள்.

பவுலின் விடை

முதல் தரப்பினரின் இறையியலைப் பவுல் ஏற்றார். ஆனால் அறிவு மட்டும் போதாது, அன்பே பிறரை வளர்க்கிறது என்றார். இடத்துக்கு ஏற்ப மூன்று வழிகாட்டுதல்களைத் தந்தார்:

1. கோயிலில் நடைபெறும் வழிபாட்டு விருந்தில் பங்குபெறக் கூடாது.
2. சந்தையில் விற்கும் இறைச்சியைக் கேள்வி கேட்காமல் வாங்கி உண்ணலாம்.
3. பிறர் வீட்டு விருந்தில் பரிமாறுவதை உண்ணலாம். அது படையல் என்று ஒருவர் சுட்டிக்காட்டினால், அவருடைய மனச்சான்றின் பொருட்டுத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது வழிகாட்டுதலில் உணவு மாறவில்லை. உண்பவரின் நம்பிக்கையும் மாறவில்லை. அருகில் இருப்பவரின் நிலையே முடிவை மாற்றுகிறது. பவுல் தம்மையே எடுத்துக்காட்டாகவும் முன்வைத்தார். திருச்சபையிடமிருந்து வாழ்வூதியம் பெறத் தமக்கு உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை என்று 9ஆம் அதிகாரத்தில் குறிப்பிடுகிறார்.

விட்டுக்கொடுத்தலின் எல்லை

பிறர் கேட்கும் அனைத்துக்கும் இணங்குவதே அன்பு என்று பவுல் கருதவில்லை. அந்தியோக்கியாவில் பேதுரு, விருத்தசேதனம் வலியுறுத்தியவர்களுக்கு அஞ்சி, பிற இனத்துக் கிறித்தவரோடு உண்பதை நிறுத்தியபோது பவுல் அவரை வெளிப்படையாக எதிர்த்தார். கொரிந்தில் வலுவற்றவரைக் காக்க உரிமை விட்டுக்கொடுக்கப்பட்டது. அந்தியோக்கியாவிலோ விட்டுக்கொடுத்தால் ஒரு பிரிவினர் பந்தியிலிருந்தே விலக்கப்பட்டிருப்பர்.

பிற்காலத் தாக்கம்

மார்ட்டின் லூத்தர் 1520இல் கிறித்தவ விடுதலை பற்றி நூல் எழுதினார். அவர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த காலத்தில், விட்டன்பர்க் நகரில் வழிபாட்டு மாற்றங்கள் விரைவாகப் புகுத்தப்பட்டன, படிமங்களும் அகற்றப்பட்டன. 1522 மார்ச்சில் திரும்பிய லூத்தர், தொடர்ந்து எட்டு நாள்கள் மறையுரையாற்றினார். மாற்றங்கள் பலவற்றில் அவருக்கும் உடன்பாடு இருந்தது. ஆயினும் மனம் தெளியாதவர்கள்மீது அவற்றைத் திணிப்பது அன்புக்கு முரணானது என்று வாதிட்டு, நகரில் அமைதி திரும்பச் செய்தார்.

இன்றும் மது அருந்துதல், உணவுப் பழக்கம், விழாக்களில் பங்கேற்றல் போன்றவை குறித்துக் கிறித்தவர்கள் முடிவெடுக்கும்போது, இதைச் செய்ய உரிமை உண்டா என்பதோடு இதனால் யார் பாதிக்கப்படுவார் என்பதையும் சேர்த்தே கேட்கும் வழக்கம் இந்த அதிகாரங்களைச் சார்ந்தே அமைகிறது.