இலத்தீன் சிலுவையும் பண்டிதை ரமாபாயும்

எமது பாடசாலைச் சின்னத்தின் மகுடவாசகம் இலத்தீன் மொழியில் இருந்தது. அதைப் பதின்மூன்று ஆண்டுகள் நெஞ்சில் அணிந்தோம். பொருளை ஆங்கிலத்தில் சொல்லித் தந்தார்கள். தமிழில் நாமே சொல்லிக்கொண்டோம். மிஷன் பாடசாலைப் பிள்ளைகளாகிய எம்மில் பலருக்கு விசுவாசமும் இவ்வாறே பிறர் கையால் வந்தது. அதை எமது சொந்தமாக்கிக்கொள்வது எப்படி? இக்கேள்விக்கு மகாராஷ்டிரப் பெண்ணொருவர் தம் வாழ்வால் அளித்த விடையை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

ரமாபாய் 1858இல் பிறந்தவர். பெண்கள் சமஸ்கிருதம் கற்கக்கூடாது என்ற வழக்கத்தை மீறி, அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி தம் மனைவிக்கு அதைக் கற்பித்தார். தாய் மகளுக்குக் கற்பித்தார். 1878இல் கல்கத்தா அறிஞர்கள் ரமாபாயின் புலமையை மெச்சிப் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்களை வழங்கினர். 1882இல் கணவரை இழந்த அவர், மறு ஆண்டு வைத்தியம் கற்கும் எண்ணத்துடன் கைக்குழந்தையோடு இங்கிலாந்து சென்றார். காது சரியாகக் கேளாமையால் அந்த எண்ணம் நிறைவேறவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் வான்டேஜ் என்ற ஊரில், அங்கிலிக்கன் கன்னியாஸ்திரிகளின் மடத்தில் தங்கியிருந்தபோது, மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

அவருக்கு ஞானத்தாயாக இருந்த சகோதரி ஜெரால்டீன் அவர்மேல் மிகுந்த அன்புள்ளவர். ஆனால் அந்த அன்பு கீழ்ப்படிவை எதிர்பார்த்தது. இலத்தீன் எழுத்துப் பொறித்த சிலுவையை அணியும்படி கேட்டபோது ரமாபாய் இணங்கவில்லை. தமக்கும் தம் நாட்டுப் பெண்களுக்கும் தெரியாத மொழி எதற்கு என்று கேட்டார். தம் நாட்டுச் சமஸ்கிருதமே போதும் என்றார். திரித்துவம் பற்றிய ஐயங்களையும் அவர் மறைக்கவில்லை. செல்ற்றன்ஹாம் மகளிர் கல்லூரியில் இருந்த காலத்தில், அவர் ஆண்களுக்குக் கற்பிப்பது தகாது என்று இந்தியாவிலிருந்த பேராயர்கள் கருத்துரைத்தனர். தந்தையோ கணவரோ தடுக்காததைத் திருச்சபை தடுப்பதா என்று அவர் வியந்தார். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதால் தம் மனச்சாட்சியை இன்னொருவர் கையில் ஒப்படைக்க வேண்டியதில்லை என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

இவ்வளவு நடந்தும் அவர் விசுவாசத்தை விட்டு விலகவில்லை. 1886இல் தம் உறவினர் ஆனந்திபாய் ஜோஷி வைத்தியப் பட்டம் பெறுவதைக் காண அமெரிக்கா சென்றார். 1889இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் புனேக்கு அருகே கேட்காவில் முக்தி இல்லத்தை அமைத்துப் பஞ்சத்தில் அநாதரவான பெண்களைச் சேர்த்தார். இறுதி ஆண்டுகளில், படிப்பறிவு குறைந்த கிராமப் பெண்ணுக்கும் விளங்கும் மராத்தியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார். முக்திப் பெண்களே அதை அச்சுக்கோத்தனர். 1922இல் ரமாபாய் காலமானார். நூல் 1924இல் வெளிவந்தது. சிலுவையில் அந்நிய எழுத்து வேண்டாம் என்றவர், வேதத்தைத் தம் மக்களின் பேச்சில் தந்துவிட்டே சென்றார்.

எம்மில் வைத்தியர்களாக உள்ளோர் ஒரு காரியத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இரவுக் கடமையில் ஒரு தாய் எமது கையைப் பிடித்து, "டொக்டர், நீங்களும் வேதக்காரர்தானே, பிள்ளைக்கு ஒரு ஜெபம் சொல்லுங்கோ" என்று கேட்டபோது தடுமாறினோம். காலை ஆராதனையில் மனனம் செய்தவை நாவில் இருந்தன. சொந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. போதகரைக் கூப்பிடுவோம் என்றோம். அவர் வந்து சேருமுன் பிள்ளை போய்விட்டது.

ஜெபிக்கக் கற்பித்த ஆசிரியைகளுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். அவர்கள் தந்ததை எமது வாயால் சொல்லும் துணிவை நாமே தேடிக்கொள்ள வேண்டும். ஆகவே, இந்நூற்றாண்டு நன்றி ஆராதனையில் அச்சிட்ட ஜெபங்களோடு, பழைய மாணவி ஒருவர் தம் சொந்தத் தமிழில் ஒரு ஜெபம் ஏறெடுக்கவும் இடம் வைக்குமாறு சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.