ஆளில்லா அடுப்பு

சமையலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பண்டங்களின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். மிளகு எந்தக் கடலைக் கடந்தது, மிளகாய் எவருடைய கப்பலில் வந்தது என்றெல்லாம் ஆராய்கின்றனர். அடுப்பின் முன் ஒருத்தி எத்தனை நாழிகை உட்கார்ந்திருந்தாள் என்று கணக்கெடுப்போர் அரியர். அந்தக் கணக்கையே இன்று சிறிது பார்க்க விரும்புகிறேன்.

நம் பழைய வீடுகளில் கொடியடுப்பு என்று ஒன்று உண்டு. பெரிய அடுப்பில் விறகு எரியும். அதன் அனல் ஒரு துளை வழியே பக்கத்துச் சிற்றடுப்பை அடையும். அதற்கெனத் தனி விறகில்லை, ஊதுவாரும் இல்லை. பெரிய அடுப்பில் உலை கொதிக்கும்போதே கொடியடுப்பில் பருப்பு தானாகக் குழைந்துவிடும். மரத்தூள் அடுப்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தகர உருளையின் நடுவே ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுகத் திணித்து, பிறகு கட்டையை உருவிவிட்டால், அந்தத் துளையில் வைத்த நெருப்பு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

இந்தக் கருத்துக்குப் பொறியின் உருவம் தந்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த மருத்துவர் இந்துமாதவ மல்லிக். 1910-ஆம் ஆண்டில் அவர் அமைத்த கருவிக்கு 'இக்மிக் குக்கர்' என்று பெயர். உருளை வடிவான ஒரு பாத்திரம். அதனுள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள். அடியில் கரி நெருப்பு. அரிசி ஒன்றில், பருப்பு ஒன்றில், காய்கறி ஒன்றில் என்று வைத்து மூடிவிட்டால் நீராவியில் யாவும் வெந்துவிடும். கரி தானே அவிந்துவிடும். உணவு மட்டும் சூடாக இருக்கும். புரி ஜகந்நாதர் கோயிலின் அடுக்குப்பானைச் சமையலே அவருக்கு வழிகாட்டியது என்பர்.

தமிழ்நாட்டில் இவ்வகைக் கருவி 'ருக்மணி குக்கர்' என்ற பெயரால் பல இல்லங்களில் புழங்கியது. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. காலையில் பட்டணம் சென்று மாலையில் புறநகர் திரும்பும் வாழ்க்கை அதனால் எளிதாயிற்று. குளித்து வருவதற்குள் தானே சமைத்து வைக்கும் ஒரு பாத்திரம் அத்தகைய வாழ்க்கைக்கு எத்துணை பொருத்தமானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1959-ஐ ஒட்டி நம் நாட்டிலேயே பிரஷர் குக்கர்கள் உருவாகலாயின. நீரை நூறு பாகைக்கு மேல் கொதிக்கச் செய்யும் அந்த வேகத்தின் முன் கரிக் குக்கர் நிற்கவில்லை, பரணுக்குப் போயிற்று. வேகம் வேறு, விடுதலை வேறு என்பதை அப்போது பலர் எண்ணிப் பார்க்கவில்லை என்றே கருதுகிறேன். பிரஷர் குக்கர் சமையல் நேரத்தைக் குறைத்தது. ஆயினும் விசிலை எண்ணுவதற்கு ஓர் ஆளை அருகிலேயே நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவில் கதை வேறு விதமாக நடந்தது. வெள்ளிக்கிழமை மாலை ரொட்டிக் கடை அடுப்பில் பானையை வைத்து மறுநாள் எடுத்துண்ணும் யூத வழக்கத்தைத் தாய் சொல்லக் கேட்டவர் இர்விங் நாக்ஸன். அவர் மெல்லச் சமைக்கும் மின்கலம் ஒன்றை அமைத்து 1940-இல் காப்புரிமை பெற்றார். 1971-இல் அது 'கிராக்பாட்' என்று கடைக்கு வந்தது.

நெருப்பே இல்லாத வழியும் உண்டு. 1867-இல் பாரிஸ் பொருட்காட்சியில் நார்வேக்காரர்கள் வெப்பம் காக்கும் சமையற்பெட்டியைக் காட்டினர். கேரளத்தில் சாஸ்திர சாகித்திய பரிஷத் அதே தத்துவத்தைச் 'சூடாறாப்பெட்டி' என்று வீடுகளுக்குக் கொண்டுசென்றது. இன்று நம் கடைகளில் விற்கும் தெர்மல் குக்கரும் அதன் உறவே. அரிசியைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு உள்ளே வைத்து மூடினால் மீதியை அச்சூடே முடித்துவிடும். கொதி குறைவாக இருந்தால் சோறு விதையாக நிற்கும். அறுபது பாகைக்குக் கீழே ஆறவிட்டு நெடுநேரம் வைத்தால் கெட்டுப்போகும்.

குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. கணவன் ஒரு ஷிப்டு, மனைவி வேறொரு ஷிப்டு என்று வாழும் குடும்பங்கள் சிலவற்றில் இக்கலத்தைக் கண்டேன். சோறும் பருப்பும் சூடாகக் காத்திருக்கின்றன. தாளிதத்துக்கு மட்டும் ஆள் வேண்டும். முதலில் வீடு திரும்புகிறவர், ஆணோ பெண்ணோ, கடுகைப் பொரித்துக் கொட்டிவிடுகிறார்.