முற்கூற்றும் பிற்கூற்றும்: மனைவிலை பேசிய வரலாறு

வீடு வாங்கும் ஆசை எழுந்தவுடன் நாம் முதலில் சந்திக்கும் மனிதர் வீட்டுக்காரர் அல்லர், தரகர். விற்பவர் என்ன விலை எதிர்பார்க்கிறார் என்பதை அவர் நமக்குச் சொல்கிறார். நாம் எவ்வளவு தருவோம் என்பதை அங்கே போய்ச் சொல்கிறார். இரண்டு சொற்களுக்கும் நடுவே என்ன நிகழ்ந்தது என்பது அவர் ஒருவருக்கே தெரியும். இந்த ஏற்பாடு எக்காலத்தும் இப்படியே இருந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நம் மொழியும் நம் கல்வெட்டுகளும் வேறு கதை சொல்கின்றன.

மொழியிலிருந்தே தொடங்கலாம். சங்கத் தமிழில் 'பகர்தல்' என்ற சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் பொருள், விற்றல் என்றும் பொருள். விற்பவர் 'பகர்நர்' எனப்பட்டார். விலையை வாய்விட்டுச் சொல்வதும் பண்டத்தை விற்பதும் ஒரே வினையாக இருந்தன. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது அவர்களுடைய செல்வத்தை மட்டும் புகழவில்லை. கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமையையும், கொடுக்கும்போது குறைத்துக் கொடாமையையும், விலையை வெளிப்படக் கூறுவதையும் சேர்த்தே புகழ்கிறது.

இது புலவர் கண்ட கனவு மட்டும்தானா என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை, பிற்காலச் சோழர், பாண்டியர் காலத்து நிலவிலைக் கல்வெட்டுகளில் இருக்கிறது. தனியார் விற்பனைகள் ஓலையில் எழுதப்பட்டன. அவ்வோலைகளுள் பெரும்பாலானவை அழிந்தன. வாங்கிய நிலமோ மனையோ பின்னர்க் கோயிலுக்குச் சேர்ந்தபோது மட்டும் அந்த ஓலையின் வாசகம் கல்லில் ஏறியது. ஆகவே நமக்குக் கிடைத்திருப்பவை மிகச் சிலவே. எனினும் அவற்றின் வாய்பாடு ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அன்றைய வழக்கத்தை ஊகிக்க அவை போதும்.

அந்த வாய்பாட்டின் அமைப்பை நோக்குவோம். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், பிறகு நான்கு எல்லைகள். கிழக்கே எது, தெற்கே எது என்று வாய்க்காலும் வதியும் பெயர் சுட்டப்படும். அதன் பின்னரே விலைப்பேச்சு. அதுவும் ஓர் உரையாடலாகவே எழுதப்படும். இந்நிலத்தைக் கொள்வார் உண்டோ என்று விற்பவர் முதலில் கூறுகிறார், இது முற்கூற்று. அதைக் கேட்டு, இசையும் விலையானால் கொள்வேன் என்று வாங்குபவர் எதிர்மொழி கொடுக்கிறார், இது பிற்கூற்று. இருவரும் எதிர்மொழிந்து உடன்பட்ட தொகையே 'எம்மில் இசைந்த விலைப்பொருள்'. அந்தப் பொருளும் வெறும் காசு அன்று, 'அன்றாடு நற்காசு', அதாவது அன்று செலாவணியில் இருந்த நல்ல காசு.

அடுத்து வருவது 'ஆவணக்களரி'. ஆவணம் எழுதிப் பதியும் பொது இடம் அது. பணம் அங்கே 'காட்டேற்றி', அதாவது பலரறியக் காட்டி, 'கைச்செலவற', அதாவது பாக்கியின்றிப் பெற்றுக்கொள்ளப்பட்டது. எழுதியவர் கையொப்பமும் சாட்சிகள் கையொப்பமும் தொடர்ந்தன.

இந்த வாய்பாட்டின் உச்சம் இறுதியில் இருக்கிறது. 'பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை' என்ற நீண்ட தொடரைக் கல்வெட்டு படிப்போர் அறிவர். விலைப்பொருள் முழுவதும் தீர்ந்ததற்கான பற்றுச்சீட்டு என்பது அதன் பொருள். விலை ஓலையும் இதுவே, பற்றுச்சீட்டும் இதுவே, இதைத் தவிர வேறொரு பற்றுச்சீட்டைக் காட்டக் கடவர் அல்லர் என்று ஆவணம் அறுதியிடுகிறது. விலை ஒன்று, ஓலை ஒன்று. இரண்டாவது விலை ஒன்று எங்கோ மறைவில் இருக்க இடமில்லை என்பதையே எழுத்தாக்கினார்கள்.

மனைகள் கைமாறியதற்கும் சான்றுகள் உள. ஆதித்த கரிகாலன் கொலையோடு தொடர்புடையோரின் உடைமைகளைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டை வரலாற்று ஆர்வலர் பலர் அறிந்திருப்பர். நிலத்தோடு ஆறு அகமனைகளையும் 112 கழஞ்சு பொன்னுக்கு ஒருவர் விலைகொண்ட செய்தி அதில் இருக்கிறது. கொலையாளிகள் யார் என்பதிலேயே நம் கவனமெல்லாம் நின்றுவிடுகிறது. விலை என்ன என்பது ஆயிரம் ஆண்டுகளாகக் கோயிற்சுவரில் எவரும் படிக்கும்படி நிற்கிறது என்பதும் வியப்புக்குரியதே.

அப்படியானால் அன்று தரகரே இல்லையா? இருந்தார். பல்லவர், சோழர் காலத்து வரிகளையும் ஆயங்களையும் அடுக்கிச் சொல்லும் சாசனங்களில் 'தரகு' என்ற சொல் வருகிறது. தரகு அரசு அறிந்த, அரசுக்கு வருவாய் தந்த ஒரு தொழில். ஆனால் மேற்சொன்ன விலை வாய்பாட்டில் பேசுவோர் இருவரே. தரகர் ஆளைச் சேர்த்து வைத்திருக்கலாம். விலையைச் சொல்லும் வாய் அவருடையது அன்று.

இதற்கு நேர் எதிரான ஒரு மரபும் நம்மிடம் உண்டு. மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். சுற்றி நிற்பவர்க்கு ஒன்றும் தெரியாது. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. குறைந்த விலைக்கு ஒருவர் கேட்டது வெளியே தெரிந்தால் அடுத்தவரும் அதிலிருந்தே தொடங்குவார். விற்பவர் நிலை தாழும். ஆனால் துண்டு யாரை மறைக்கிறதோ அவரைக் காப்பதைவிட, துண்டைப் பிடித்தவரையே மிகுதியாகக் காக்கிறது. இன்றைய வீட்டுத் தரகு ஆவணக்களரியின் வழி வந்ததன்று, துண்டின் வழி வந்தது என்பதே நம் கருத்து. 'இன்னொரு பார்ட்டி நாளை காலை அட்வான்ஸோடு வருகிறார்' என்று நம்மிடமும், 'இவரை விட்டால் ஆள் இல்லை' என்று வீட்டுக்காரரிடமும் ஒரே மாலையில் சொல்ல முடிவது அதனால்தான்.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலச் சட்டங்கள் எழுத்தை மீண்டும் வலியுறுத்தின. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து விற்பனை, பதிவு செய்த ஆவணத்தால் மட்டுமே செல்லும் என்றது. அதன் 55ஆம் பிரிவு சுவையானது. சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும். அதுபோலவே, விற்பவர் அறியாத, அவருடைய உரிமையின் மதிப்பைக் கணிசமாகக் கூட்டுகிற செய்தி ஏதும் தனக்குத் தெரிந்தால் வாங்குபவரும் சொல்லியாக வேண்டும். முற்கூற்றும் பிற்கூற்றும் சட்டமொழியில் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது.

ஆனால் அதே காலம் முத்திரைத்தீர்வையையும் கொண்டு வந்தது. எழுதும் விலைக்கேற்பத் தீர்வை என்றவுடன், எழுதும் விலை வேறு, கொடுக்கும் விலை வேறு என்றாயிற்று. குறைத்து எழுதப்பட்ட ஆவணங்களை ஆட்சியருக்கு அனுப்பி மதிப்பை நிர்ணயிக்க, 1967இல் இங்கே முத்திரைச் சட்டத்தில் 47-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பின்னர் வழிகாட்டி மதிப்பு வந்தது. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 ஜூன் மாதம் முதல் வருமானவரிச் சட்டம் தடுத்தது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. எனினும் அது பதிவு பெற்ற கட்டுமானத் திட்டங்களுக்கே பொருந்துவது. தெருவில் உள்ள பழைய வீட்டை விற்றுத் தரும் தரகர் அதன் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறார்.

இரண்டு விலையால் இழப்பவர் யார்? அரசு மட்டும் என்று பலர் நினைக்கின்றனர். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்குபவரே முதலில் இழக்கிறார். வழக்கு என்று வந்தால் அவர் கொடுத்ததாக நிறுவ முடிவது எழுதிய தொகையை மட்டுமே. பின்னாளில் அவர் அவ்வீட்டை விற்கும்போது, எழுதாமற்போன பணமும் ஆதாயமாகவே கணக்கிடப்பட்டு வரி கேட்கும். கைச்செலவறக் கொடுத்தும் பொருட்செலவோலை இல்லாதவர் ஆகிறார் அவர்.

பழைய வாய்பாட்டில் இன்றும் நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது வரிசை. அங்கே எல்லைகள் முதலில், விலை பிறகு. நாமோ விலையை முடித்து முன்பணமும் கொடுத்துவிட்டுத் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் தேடுகிறோம். அளந்து, பார்த்து, படித்தபின் சொல்லும் விலைக்கே எதிர்மொழி என்ற பெயர் தகும். படித்தபோது கண்ட குறை ஒவ்வொன்றும் விலையைக் குறைத்துக் கேட்பதற்கான நாணயமான காரணமும் ஆகும். இரண்டாவது, விலை பேசும் நாளில் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே அமர்தல். தரகருக்குரிய கூலியை இருவர் முன்னும் முதலிலேயே சொல்லி முடித்துவிட்டால் நேர்மையான தரகர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். அத்தகையோர் பலர் இருக்கவே செய்கின்றனர். மூன்றாவது, இசைந்த தொகை முழுவதையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுதல்.

இன்றைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லைகள் அப்படியே இருக்கின்றன. சாட்சிகள் இருக்கின்றனர். எழுதியவர் பெயர் இருக்கிறது. தொகை முழுவதும் பெற்றுக்கொண்டதாக ஒரு வரியும் இருக்கிறது. எண்ணூறு ஆண்டுகளில் வாய்பாடு பெரிதாக மாறிவிடவில்லை. அந்த வரி உண்மையாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தைத்தான் வழியில் எங்கோ விட்டுவிட்டோம்.