பழைய கிற்றாரும் புதிய கிற்றாரும்: இசைஞர் தீர்ப்பை வாசிக்கும் முறை குறித்து ஒரு மறுப்பு

மின் கிற்றார் வாசிப்போர் ஒரு நிறுவனத்தின் புதிய மாதிரிகளைக் குறை கூறி, அதே நிறுவனத்தின் பழைய மாதிரிகளை மெச்சுவது ஏன்? இசைக்கருவி ஆய்வில் இதற்கு ஒரு விடை ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. பழமை மீதுள்ள ஏக்கமும் சேகரிப்போர் சந்தையும் சேர்ந்து உண்டாக்கிய மயக்கம் அது, கண்ணைக் கட்டிவிட்டால் கலைந்துபோகும் என்பதே அந்த விடை. இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. மயக்கமே இல்லை என்று வாதிடுவது என் நோக்கமன்று. அந்த விடைக்குச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படும் ஒரு சோதனை, நிதானமாக வாசித்தால், அதற்கு எதிரான தரப்புக்கே அதிகம் உதவுகிறது என்பதைத்தான் இங்கு காட்ட முயல்கிறேன்.

அச்சோதனை கிற்றாரில் நடந்ததன்று, வயலினில் நடந்தது. 2010 செப்டெம்பரில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் சர்வதேச வயலின் போட்டி நடந்தபோது, பிரெஞ்சு ஒலியியல் ஆய்வாளர் கிளோடியா ஃபிரிட்ஸ், வயலின் செய்யும் கைவினைஞர் ஜோசப் கர்ட்டின் முதலியோர் ஒரு ஹோட்டல் அறையில் அதை நடத்தினார்கள். தேர்ந்த வயலின் கலைஞர்கள் 21 பேர் கலந்துகொண்டனர். வயலின்கள் ஆறு. அவற்றில் மூன்று புதியவை. மற்ற மூன்றும் பழைய இத்தாலிய வயலின்கள், இரண்டு ஸ்ட்ராடிவாரி செய்தவை, ஒன்று குவார்னேரி செய்தது. வாசிப்போருக்கு வெல்டிங் செய்வோர் அணியும் கறுப்புக் கண்ணாடி மாட்டப்பட்டது. அறையின் வெளிச்சம் குறைக்கப்பட்டது. பழைய மரத்தின் மணம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று நாடி பதியும் இடத்தில் வாசனைத் திரவியமும் தடவினார்கள். முதலில் இரண்டிரண்டாகக் கொடுத்து எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். பின்னர் ஆறையும் கட்டிலில் வைத்து 20 நிமிடம் கொடுத்து, வீட்டுக்கு ஒன்றைக் கொண்டுபோகலாம் என்றால் எதை எடுப்பீர்கள் என்று கேட்டார்கள்.

முடிவு 2012 இல் வெளிவந்தது. அதிகம் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். ஆகக் குறைவாக விரும்பப்பட்டது 1700 அளவில் செய்யப்பட்ட ஒரு ஸ்ட்ராடிவாரி. வீட்டுக்குப் பழையதை எடுத்தவர்கள் 21 பேரில் எட்டுப் பேர்தான். தாம் எடுத்தது பழையதா புதியதா என்று 17 பேரிடம் கேட்டபோது ஏழு பேர் தெரியாது என்றனர், ஏழு பேர் தவறாகச் சொன்னார்கள், மூன்று பேர் மட்டுமே சரியாகச் சொன்னார்கள்.

கிற்றார் பற்றி எழுதுவோர் எடுத்தாள்வது இந்தக் கடைசி எண்ணிக்கையைத்தான். முந்நூறு ஆண்டுப் பழமையை வயலின் மேதைகளாலேயே கண்டுகொள்ள முடியவில்லை, அரை நூற்றாண்டுப் பழமையைக் கிற்றார்காரர் கண்டுவிடுவாரா என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்புகள் எனக்குத் தேவையில்லை. ஹோட்டல் அறை சிறியது, நேரம் போதாது, வயலின்கள் சில என்பன அவை. அதே குழு 2012 இல் பரிஸ் நகருக்கு அருகில் 10 தனிக் கச்சேரிக் கலைஞர்களையும் 12 வயலின்களையும் கொண்டு, 300 பேர் அமரும் அரங்கையும் பயன்படுத்தி, மீண்டும் சோதித்தது. அங்கும் ஆறு பேர் புதியதையே தேர்ந்தார்கள். ஆகவே அந்த மறுப்புகளின் காலம் முடிந்துவிட்டது.

என் மறுப்பு வேறு. ‘இது பழையதா?’ என்பதும் ‘இது நல்லதா?’ என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதற் கேள்வியில் இசைஞர் தோற்றார்கள். இரண்டாவதில்? இரண்டிரண்டாகக் கொடுத்த இணைகளில் பெரும்பாலானவற்றில் விருப்பம் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்தது உண்மை. ஆனால் அந்த 1700 அளவிலான ஸ்ட்ராடிவாரி இருந்த இணைகளில் அப்படிப் பிரியவில்லை. பெயர் தெரியாமல், விலை தெரியாமல், ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல், வாசித்தவர்கள் தெளிவான பெரும்பான்மையாக அதை ஒதுக்கினார்கள். அதுவும் ஒரு இணைக்கு ஓரிரு நிமிடத்துக்குள். இசைஞர் தீர்ப்பு வெறும் மயக்கமாக இருந்தால், மயக்கத்துக்கான காரணங்களை அகற்றியதும் தெரிவுகள் தாறுமாறாகச் சிதறியிருக்க வேண்டும். இந்த ஒரு கருவி விடயத்தில் அவை குவிந்தன. கண்ணைக் கட்டிய பின் எஞ்சியது கையின் தீர்ப்பு, அது உறுதியாகவே இருந்தது.

ஒரேயொரு வயலினை வைத்து நான் இவ்வளவு சொல்வது அதிகம் என்று கருதுவோர் இருப்பர். எண்ணிக்கை சிறிது என்பதை ஒப்புகிறேன். ஆனால் ‘மயக்கம்’ என்ற முடிவும் இதே சிறிய எண்ணிக்கையின் மீதுதான் கட்டப்பட்டது. அந்த மூன்று பேரை ஏற்பவர் இந்த ஒரு வயலினையும் ஏற்கத்தான் வேண்டும்.

இதை இசைக்கு வெளியே பார்ப்போம். கிழக்கிலங்கையின் வரிப்பத்தான்சேனையில் வயல் செய்யும் ஒருவர், புதிதாக வந்த லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தை விடப் பழைய ஜப்பான் லேண்ட் மாஸ்டரே நல்லது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேற்றில் இழுக்கும் விசை, கியர் பெட்டி, உதிரிப் பாகம் கிடைப்பது ஆகியவற்றைப் பற்றி அவர் பேசுகிறார். அவருடைய கண்ணைக் கட்டி, எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைத்து, இது எந்த ஆண்டுடையது என்று கேட்டு, அவர் தவறினால், உழவு இயந்திரம் பற்றி இவர் சொல்வதெல்லாம் பழமை மோகம் என்று எவரும் எழுதமாட்டார்கள். கிற்றார்காரருக்கு மட்டும் இதை எழுதியிருக்கிறோம்.

கிற்றார்காரர் உண்மையில் எதைக் குறை கூறுகிறார்? கிப்சன் நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டு மாதிரிகள் இதற்கு மிகத் தெளிவான சான்று. அந்த ஆண்டு அமெரிக்காவில் செய்த ஏறத்தாழ எல்லா மின் கிற்றார்களிலும் ‘ஜி-ஃபோர்ஸ்’ என்ற தானியங்கிச் சுருதிக் கருவியை நிறுவனம் பொருத்தியது. தந்தியை மீட்டினால், பற்றரியில் ஓடும் சிறு மோட்டார்கள் டியூனிங் கீயைத் தாமே திருப்பிச் சுருதி சேர்க்கும். தந்திகளைக் கழுத்தின் முனையில் தாங்கும் வழக்கமான நட்டுக்குப் பதிலாக உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க பித்தளை நட் வந்தது. விரற்பலகை அகலமானது. நிறுவனத்தின் புகழ்பெற்ற மாதிரிக்குப் பெயர் தந்த கிற்றார் கலைஞர் லெஸ் போல் பிறந்து நூறாண்டு ஆனதைக் குறிக்கும் புதிய எழுத்து தலைப்பகுதியில் ஏறியது. கூடவே விலையும் ஏறியது. இசைஞர்களின் எதிர்ப்பு இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வந்தது. ‘பழைய கிப்சனில் ஆன்மா இருந்தது’ என்று உருகியவர்களும் இருந்தார்கள்தான். அவர்களை மட்டும் மேற்கோள் காட்டுவது ஆய்வாளரின் வசதி.

கண்ணைக் கட்டும் சோதனை இங்கே எதைச் சாதிக்கும்? அகலமான கழுத்தை இடது கை பிடித்தவுடனேயே கண்டுகொள்ளும். அதை அதே கையிடமிருந்து மறைக்க எந்தக் கறுப்புக் கண்ணாடியாலும் இயலாது. ஆகவே கிற்றாரில் இத்தகைய வேறுபாடுகளுக்கு அப்படி ஒரு சோதனையை முறையாக நடத்தவே முடியாது என்பது என் ஐயம். இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றும் ஈரப்பதமும் உள்ள கல்முனை போன்ற கரையோர ஊரில் வாசிப்பவருக்கு, மோட்டார் வைத்த டியூனிங் கீ பழுதானால் என்ன செய்வது என்பது ஏக்கம் அல்ல, கணக்கு. சாதாரண டியூனிங் கீயை யாரும் கழற்றி மாற்றிவிடலாம்.

2016 இல் நிறுவனமே விடையளித்தது. மாதிரிகளை ‘பாரம்பரியம்’, ‘உயர் செயற்றிறன்’ என்று இரண்டு வரிசைகளாகப் பிரித்து, தானியங்கிக் கருவியை இரண்டாவதோடு நிறுத்திக்கொண்டது. 2018 மே மாதத்தில் கிப்சன் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியதை 2015 இன் தண்டனையாகக் காட்டுவோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிச்சாதனப் பிரிவை 2014 இல் 135 மில்லியன் டொலருக்கு வாங்கியது போன்ற முயற்சிகளால் ஏறிய கடனே பெருங்காரணம். என் வாதத்துக்கு 2016 இன் பின்வாங்கலே போதும்.

மர விடயத்தில் மட்டும் எதிர்த்தரப்புக்கு நான் இடம் கொடுக்கிறேன். கிப்சனின் விரற்பலகைகள் பலவும் தென்னிந்தியர் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரத்தால் ஆனவை. இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலிப் பலகைகள் தொடர்பாக 2011 இல் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளைச் சோதனையிட்டார்கள். மடகஸ்கார் கருங்காலி பற்றிய முந்திய விசாரணையையும் சேர்த்து 2012 இல் நிறுவனம் 300,000 டொலர் தண்டப்பணம் செலுத்த உடன்பட்டது. அக்காலத்தில் ஈட்டிக்குப் பதிலாகச் சில மாதிரிகளில் சுட்ட மேப்பிள் பலகை வந்தபோது எழுந்த முணுமுணுப்பில் பழக்கமே அதிகம் பேசியது என்று நினைக்கிறேன். 2018 இல் வெளிவந்த ஆய்வொன்றில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகையும் பக்கங்களும் வெவ்வேறு மரத்தால் ஆன ஆறு கிற்றார்களை 52 பேரிடம் கொடுத்துச் சோதித்தபோது, விலைமிகு மரத்துக்கென்று தனி மதிப்பெண் கிடைக்கவில்லை. அவை மின் கிற்றார்கள் அல்ல. ஆயினும் பிக்கப்பும் அம்ப்ளிபயரும் இடையில் நிற்கும் மின் கிற்றாரில் மரத்தின் பங்கு இன்னும் குறைவாகவே இருக்கும்.

பழமை மோகம் என்ற விளக்கத்தை உண்மையில் வீழ்த்துவது வரலாறு. 1965 ஜனவரியில் அமெரிக்க மின் கிற்றார் நிறுவனமான ஃபெண்டரை சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனம் 13 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அதன் பின்னர் வந்த கிற்றார்களை, குறிப்பாக 1971 இல் கழுத்தை நான்குக்குப் பதில் மூன்று திருகாணிகளால் பிணைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை, இசைஞர் பழித்தார்கள். 1982 இல் ஃபெண்டரின் பெயரிலேயே ஜப்பானில் செய்த கிற்றார்கள் வந்தபோது, அந்தப் புத்தம்புதுக் கருவிகளை 1970களின் அமெரிக்க ஃபெண்டர்களை விட மேலானவை என்று அதே வட்டாரத்தினர் சொன்னார்கள். பழையது என்பதற்காக மெச்சுபவர் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. கிப்சனின் 1958 முதல் 1960 வரையான லெஸ் போல் ஸ்டாண்டர்ட் கிற்றார்கள் அதிகம் விற்கவில்லை. நிறுவனம் 1961 இல் வடிவத்தையே மாற்றியது. 1966 இல் எரிக் கிளப்டன் ஜோன் மேயோலின் குழுவோடு பதிவு செய்த இசைத்தட்டில் அந்தக் கிற்றாரின் ஒலி கேட்ட பிறகே தேடல் தொடங்கியது. 1968 இல் கிப்சன் லெஸ் போலை மீண்டும் செய்யத் தொடங்கியது. பத்து வயது கூட ஆகாத கருவி மீது என்ன பழமை மோகம்?

நம் இசையுலகும் இதையே சொல்கிறது. நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்புக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி, உயர்ந்த சுருதியுள்ள திமிரிக்கு மாற்றாக நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். புதிய மாதிரி பழையதை மேடையிலிருந்தே விலக்கியது. மரபின் காவலர்கள் என்று நாம் கருதும் கலைஞர்களே அதை ஏற்றார்கள். 2022 இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு, இடித்த வீடுகளில் கிடைக்கும் பழைய ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பழைய மரம், புதிய அளவு. எது எங்கே வேண்டும் என்பதில் கலைஞருக்கும் ஆசாரிக்கும் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

கிற்றார் மேதை ஜிம்மி ஹென்றிக்ஸ் வுட்ஸ்டொக் இசைவிழாவில் வாசித்தது சி.பி.எஸ். காலத்து 1968 ஸ்ட்ராட்டோகாஸ்டர்தானே என்று கேட்பார்கள். மேதை எதிலும் வாசிப்பான், அதனால் எதுவும் நிறுவப்படாது. 1990களின் நடுவில் ஃபெண்டர் புதுக் கிற்றாரைத் தொழிற்சாலையிலேயே கீறித் தேய்த்து விற்கத் தொடங்கியதையும் காட்டுவார்கள். அது அலங்காரச் சந்தை. 2015 கிப்சனைக் குறை கூறியவர்கள் சுட்டிய பித்தளை நட் அதனால் மறைந்துவிடாது.

இலங்கையின் தென்கிழக்குப் பகுதியில் இசைக்கருவி பற்றிக் கள ஆய்வு செய்யவிருக்கும் மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். றபான் என்னும் கைப்பறையை அடித்துப் பக்கீர் பைத் என்னும் முஸ்லிம் பக்திப் பாடல் பாடுவோரிடம் தோல் போர்த்திய றபானையும் செயற்கைத் தகடு போர்த்திய றபானையும் பற்றிக் கேட்கும்போது, பழையது பிடிக்குமா புதியது பிடிக்குமா என்று கேட்காதீர்கள். எந்தப் பாகம், எந்தக் காலநிலையில், எந்தப் பைத்துக்கு இடைஞ்சல் தருகிறது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் வரிசையிலேயே பதிவு செய்யுங்கள்.