சமன்செய் சார்ஜர்

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி வண்டிகளின் லித்தியம் பாலிமர் (லிப்போ) பேட்டரிகளுக்கு மின்னேற்றும் கருவி. தொடராக இணைந்த செல் ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே அளந்து சமப்படுத்துவது இதன் சிறப்பு. லிப்போ செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏறியதும் 4.2 வோல்ட். நிக்கல் உலோக ஹைட்ரைடு பேட்டரிக்கான மின்னேற்ற முறை வேறு. அம்முறையில் லிப்போவை ஏற்றினால் தீப்பற்றக்கூடும்.

தேர்வு: பேட்டரியின் வகை, செல் எண்ணிக்கை, கொள்ளளவு ஆகியவற்றுக்கு ஏற்பச் சார்ஜரைத் தேர்ந்தெடுப்பர். 5000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள இரு செல் பேட்டரியை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஏற்ற 5 ஆம்பியர் தேவை, 8.4 வோல்ட்டில் அது 42 வாட். ஆகவே 50 வாட் சார்ஜர் போதுமானது. நெடுநாள் பயன்படுத்தாத பேட்டரியைச் செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் நிறுத்தும் சேமிப்பு வசதியும் தேவை. மின்னேற்றம் முடியும்வரை ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.